துறவிகள் கட்டிய நிர்வாகம்

"சாமியாருக்கு எதுக்கய்யா கணக்குப் புத்தகம்? கடவுளை நினைக்கிறவனுக்குக் கமிட்டி எதுக்கு?" - நம் ஊர்த் திண்ணைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் வெகுளிகள். ஒரு மகான் மறைந்த பிறகு அவர் பெயரில் சேர்ந்த நிலமும் பணமும் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். உறவினர் ஒரு பக்கம், சீடர்கள் மறுபக்கம் என்று கோர்ட் படியேறி, மூன்றாம் தலைமுறையில் பூட்டுத் தொங்கும் இடங்கள் எத்தனையோ!

அந்தக் கதி வராமல் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்பது ராமகிருஷ்ண மடமும் மிஷனும். விவேகானந்தரின் சொற்பொழிவுகளை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அவரும் அவருடைய குருபாயிகளும் (ஒரே குருவின் சீடர்களை அப்படித்தான் அங்கே சொல்வார்கள்) நிர்வாகத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதை மட்டும் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. நாமும் ஒரு சங்கம் நடத்துகிறவர்கள்தானே? அதனால் இந்த மலரில் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

வாடகை வீட்டுத் துறவிகள்

1886 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஸ்ரீராமகிருஷ்ணர் காசிப்பூர்த் தோட்ட வீட்டில் மறைந்தார். இளம் சீடர்களுக்குத் தங்க இடமில்லை. இல்லறச் சீடரான சுரேந்திரநாத் மித்ரா வாடகை கொடுக்க முன்வந்தார். வராகநகரில் பாழடைந்த ஒரு வீட்டில் முதல் மடம் தொடங்கியது. 1892-இல் அது ஆலம்பஜாருக்கு மாறியது.

அங்கே தலைவர் கிடையாது, சட்டதிட்டம் கிடையாது. குருவின் மீதிருந்த அன்பு ஒன்றே கட்டுக்கயிறு. சசி மகராஜ் என்று அழைக்கப்பட்ட ராமகிருஷ்ணானந்தர் அன்றாட பூஜையை விடாமல் பார்த்துக்கொண்டார். பத்துப் பதினைந்து பேர் ஒரு கூரையின்கீழ் வாழ அந்த அன்பு போதும். ஊர் ஊராகப் பணி செய்யப் போதுமா?

பலராம் போஸ் வீட்டுக் கூட்டம்

இந்தக் கேள்வியோடுதான் விவேகானந்தர் 1897-இல் நாடு திரும்பினார். அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி கல்கத்தா பாக்பஜாரில் பலராம் போஸ் வீட்டில் துறவிகளையும் இல்லறத்தாரையும் கூட்டினார். பல நாடுகளைச் சுற்றியதில், அமைப்பு இல்லாமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது என்பது உறுதியாகிவிட்டது என்றார். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஓட்டெடுத்து நடத்துவது நம் நாட்டுக்குச் சரிவராது. முதலில் ஒரு தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்படட்டும், கல்வி பரவிய பிறகு ஓட்டு வரட்டும் என்பது அவர் கருத்து. அவரே பொதுத் தலைவரானார். அரசியலோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார்கள்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, கூடப்பிறந்தவர் போன்ற யோகானந்தரிடமிருந்தே வந்தது. கூட்டம், தீர்மானம், பதவி - இதெல்லாம் வெள்ளைக்காரன் பாணியாச்சே, நம் குரு இப்படியா சொல்லிக்கொடுத்தார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். விவேகானந்தர் கோபித்துக்கொண்டு ஒதுக்கிவிடவில்லை, பதில் சொன்னார். கேள்வி கேட்ட யோகானந்தர்தான் கல்கத்தா கிளையின் உபதலைவர்! மாற்றுக்கருத்து சொல்பவரை உள்ளே வைத்துக்கொள்ளும் பக்குவம் முதல் வாரத்திலேயே இருந்தது.

மடத்துக்கான விதிகளை விவேகானந்தர் சொல்லச் சொல்ல, சுத்தானந்தர் எழுதினார். 'செய்யாதே' என்று வரும் இடங்களை 'செய்க' என்று வரும்படி மாற்றி எழுதவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அதே 1897-இல் முர்ஷிதாபாத் பகுதியில் அகண்டானந்தர் பஞ்ச நிவாரணம் தொடங்கினார். அந்தக் காலக் கடிதங்களில் விவேகானந்தர் வற்புறுத்தியது ஒன்றுதான்: ஒரு காரியத்துக்கு வந்த பணம் அந்தக் காரியத்துக்கே, அடுத்த வேளை பட்டினி என்றாலும் அதைத் தொடக்கூடாது.

தன் பெயரைத் தானே எடுத்தவர்

1898-இல் கங்கைக்கரையில் பேலூர் நிலம் வாங்கப்பட்டது. ஹென்ரியட்டா முல்லர், ஓலி புல் அம்மையார் போன்ற மேல்நாட்டு அன்பர்களின் உதவி அதற்குப் பின்னால் இருந்தது. பத்திரம் விவேகானந்தர் பெயரில். அதே ஆண்டு கல்கத்தாவில் பிளேக் பயம் வந்தபோது, பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. புதிதாக வாங்கிய நிலத்தை விற்றுவிடுவோம் என்று அவர் பளிச்சென்று சொன்னார். எவ்வளவு பெரிய மனசு! ஆனால் யோசித்துப் பாருங்கள் - ஒரே ஒருவர் சொல்லில் மடமே விலைபோகலாம் என்ற நிலையும் அதில் தெரிகிறதல்லவா? பாலி நகராட்சியும் அதை ஒரு தனிமனிதரின் தோட்ட வீடு என்று சொல்லி வரி கேட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போய் மடத்துக்குச் சாதகமாக முடிந்தது.

1901 ஜனவரியில் விவேகானந்தர் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். சொத்து முழுவதும் குருபாயிகள் அடங்கிய அறங்காவலர் குழுவுக்குப் போயிற்று. பிப்ரவரியில் அந்தக் குழு பிரம்மானந்தரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் கட்டளையில் தொடங்கியது, நான்கே வருஷத்தில் குழுவின் தேர்வுக்கு வந்துவிட்டது. விவேகானந்தருக்கு அப்போது 38 வயது. 1902 ஜூலை 4-ஆம் தேதி அவர் மறைந்தபோது, "அடுத்து யார்?" என்ற கேள்வியே எழவில்லை.

சொந்த இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1897 மார்ச்சில் இங்கே வந்த சசி மகராஜ், கடற்கரை ஐஸ் ஹவுஸில் பிலிகிரி ஐயங்காரின் தயவில் மடத்தை நடத்தினார். ஐயங்கார் காலமானபின் 1906-இல் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. சுவாமிகள் அதே வளாகத்தின் புறவீட்டுக்கு ஒதுங்க நேர்ந்தது. 1907-இல்தான் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது.

இரண்டு அமைப்பு, ஒரே தலைமை

இதற்குள் வேலை பெருகியது. காசியில் இளைஞர்கள் தொடங்கிய சேவாசிரமம், கன்கலில் கல்யாணானந்தர் 1901-இல் தொடங்கிய சேவாசிரமம் என்று வரிசையாக வந்தன. மருத்துவமனை நடத்தவும் நன்கொடை வாங்கவும் சட்ட அந்தஸ்து வேண்டும். 1909 மே 4-ஆம் தேதி, 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ராமகிருஷ்ண மிஷன் பதிவாயிற்று.

இங்கேதான் சூட்சுமம். மடம் துறவிகளின் அறக்கட்டளை. அதன் வேலை ஆன்மிகம். மிஷன் பதிவு பெற்ற சங்கம். அதன் வேலை சேவை. இல்லறத்தாரும் மிஷனில் உறுப்பினர் ஆகலாம். மடத்தின் அறங்காவலர்களே மிஷனின் ஆட்சிக்குழு. ஆனால் கணக்கு வேறு வேறு, தணிக்கையும் உண்டு. கோயில் உண்டியலும் ஆஸ்பத்திரிப் பெட்டியும் கலந்துபோகாது. அதேசமயம் இரண்டு தலைமை ஏற்பட்டு அடித்துக்கொள்ளவும் வழியில்லை.

சோதனை

எழுதி வைத்தது எல்லாம் சோதனை வரும்போதுதான் நிற்கிறதா என்று தெரியும். விவேகானந்தர் மறைந்த சில நாட்களிலேயே, அரசியல் ஈடுபாட்டை விடமுடியாத சகோதரி நிவேதிதை மடத்தின் அதிகாரபூர்வத் தொடர்பிலிருந்து விலகினார். அன்பு அறுபடவில்லை, விதியும் வளையவில்லை. இருதரப்புக்கும் அது எவ்வளவு வலித்திருக்கும்!

1916 டிசம்பரில் வங்காள ஆளுநர் கார்மைக்கேல் பிரபு, புரட்சிக்காரர்கள் மிஷன் போன்ற அமைப்புகளில் புகுந்துகொள்கிறார்கள் என்று பகிரங்கமாகப் பேசிவிட்டார். அன்பர்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள். செயலாளர் சாரதானந்தர் பதறாமல் அரசுக்கு விளக்கம் எழுதினார். 1917 மார்ச்சில் ஆளுநரே கடிதம் எழுதி, மிஷனைக் குறைசொல்வது தன் நோக்கமில்லை என்று தெளிவுபடுத்தினார்.

1926-இல் பேலூரில் நடந்த மாநாட்டில் அதே சாரதானந்தர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். எந்த இயக்கத்துக்கும் முதலில் எதிர்ப்பு வரும், பிறகு அலட்சியம் வரும், கடைசியில் வரவேற்பு வரும். அந்த வரவேற்புக் காலத்தில்தான் உறுதி தளரும் என்றார். அதையொட்டி இளைய துறவிகளைக் கொண்ட செயற்குழு அமைந்து, அன்றாட நிர்வாகம் அவர்கள் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே அவர் காலமானார். வேலை நிற்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் கல்லூரி ஆசிரியர்களோடு வழக்கு ஏற்பட்டபோது, சிறுபான்மைச் சமயத்தாருக்கான அரசியல் சட்ட உரிமையை மிஷன் கோரியது. 1995 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்பர்களில் பலருக்கே அந்தக் கோரிக்கை சங்கடமாக இருந்தது. நிறுவனத்தைக் காக்கும் அவசரத்தில் 'நாம் யார்' என்ற கேள்வி இடறிவிடலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

நமக்கு

நண்பர்களே, நம் சங்கத்தின் நோட்டுப் புத்தகமும் பீரோ சாவியும் இன்று ஒரு சிலர் தோளில் இருக்கின்றன. அவர்கள் தங்கமானவர்கள்தான். ஆனால் தங்கமான மனிதர்கள் இருக்கும்போதுதான் விதிகளை எழுதவேண்டும். அவர்கள் போன பிறகு எழுதினால் அது சண்டையாகிவிடும். உதவித்தொகை நிதி தனி, விழா நிதி தனி என்று பிரித்து வையுங்கள். ஆண்டுதோறும் கணக்கை எல்லோர் முன்னும் வாசியுங்கள். இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளைச் செயற்குழுவில் உட்கார வையுங்கள். 38 வயதில் விவேகானந்தரே பத்திரத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டார் என்றால், ஒரு பொறுப்பை உரிய காலத்தில் அடுத்தவரிடம் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?