ஒரு கிணறு வற்றிய கதை

ஆழமான குழாய்க்கிணறு அடித்த வீட்டுக்கும், பக்கத்தில் பழைய கிணறு வற்றிப்போன வீட்டுக்கும் இடையில் வாய்த்தர்க்கம் நடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். "என் காணிக்குள்ள நான் தோண்டுறன், உனக்கென்ன?" என்பதுதான் எப்போதும் கேட்கும் வார்த்தை. இதே வார்த்தை அமெரிக்காவில் ஒருமுறை சட்டமாகவே ஆனது.

டெக்சஸ் மாநிலத்தில் டெனிசன் என்று ஓர் ஊர். 1872இல் புகையிரதப் பாதைக்காகவே உருவான ஊர் அது. (பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் பிறந்ததும் அங்கேதான்.) அந்த ஊரில் ஈஸ்ட் என்பவரின் வீட்டு வளவுக்குள் ஒரு கிணறு இருந்தது. 5 அடி அகலம், 33 அடி ஆழம். வீட்டுப் பாவனைக்கு அது போதுமாக இருந்தது.

1901இல் ஹூஸ்டன் அன்ட் டெக்சஸ் சென்ட்ரல் புகையிரதக் கம்பனி பக்கத்துக் காணியில் ஒரு கிணறு தோண்டியது. 20 அடி அகலம், 66 அடி ஆழம். அந்தக் காலத்து நீராவி இஞ்சினுக்குக் கரி எவ்வளவு முக்கியமோ தண்ணீரும் அவ்வளவு முக்கியம். இஞ்சின்களுக்கும் வேலைத்தளத்துக்குமாக நாளொன்றுக்கு 25,000 கலன் இறைத்தார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 94,600 லீட்டர். பத்தாயிரம் லீட்டர் பவுசர் ஒன்பது நிறைந்து இன்னும் மிஞ்சும்! ஈஸ்டின் கிணறு வற்றிப்போனது.

அவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார். மேன்முறையீட்டில் வென்றார், 206 டொலர் 25 சதம் நட்டஈடு கிடைத்தது. கம்பனி விடவில்லை, மாநில உயர் நீதிமன்றம் வரை போனது. 1904இல் அந்த நீதிமன்றம் கம்பனியின் பக்கம் நின்றது.

காரணமாகச் சொன்னதைக் கவனியுங்கள். நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாத இரகசியம், அதற்குச் சட்டம் வகுக்க முடியாது என்றார்கள். அயலவருக்கு உரிமை கொடுத்தால் விவசாயம், சுரங்கம், புகையிரதம் போன்ற பெரிய வேலைகளுக்குத் தடை வரும் என்றும் சொன்னார்கள். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணமாகத் தெரிகிறது. இந்தச் சிந்தனை இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்கே 1843இலேயே, நிலக்கரிச் சுரங்கத்தால் கிணறு வற்றிய பஞ்சாலை உரிமையாளர் ஒருவர் இதே மாதிரித் தோற்றிருந்தார்.

வேண்டுமென்றே அயலவரைக் கெடுக்க இறைத்தாலோ, வீணாக ஊற்றினாலோ மட்டும்தான் கேள்வி வரும். கம்பனி இரண்டையும் செய்யவில்லை. அது தண்ணீரை உண்மையாகவே பாவித்தது. ஈஸ்டுக்கு 206 டொலரும் இல்லை, தண்ணீரும் இல்லை.

நீராவி இஞ்சின்கள் போய்விட்டன, தீர்ப்பு போகவில்லை. நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று அளந்து சொல்லும் விஞ்ஞானம் வந்த பிறகும் போகவில்லை. 1990களில் அதே டெக்சஸில் ஒரு போத்தல் தண்ணீர்க் கம்பனி நாளொன்றுக்கு 90,000 கலன் இறைத்து, அயலவர் கிணறுகள் வற்றின. அவர்களும் வழக்குப் போட்டார்கள். 1999இல் உயர் நீதிமன்றம் ஈஸ்ட் வழக்கையே மீண்டும் எடுத்துக் காட்டியது. விதியை மாற்றுவது சட்டசபையின் வேலை என்று சொல்லி, அவர்களையும் திருப்பி அனுப்பியது.