பெருந்திரளிலிருந்து பிறந்த சிறுகுழு: எஸ்தோனியச் சேர்ந்திசையின் வரலாறு

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், பின்லாந்து வளைகுடாவுக்குத் தெற்கே அமைந்துள்ள எஸ்தோனியா, ஏறத்தாழ 13 லட்சம் மக்களை மட்டுமே கொண்ட சிறிய நாடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதன் தலைநகரான தாலினில் நடைபெறும் பாடல் பெருவிழாவில் பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடுவதும், அவர்களைவிடப் பன்மடங்கு மக்கள் எதிரே அமர்ந்து கேட்பதும் அந்நாட்டின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. எனினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக இசையரங்குகளில் எஸ்தோனியாவின் பெயரை நிலைநிறுத்தியதில் அப்பெருந்திரளுக்கு நிகரான பங்கு, இருபத்தைந்து பேரளவில் மட்டுமே கொண்ட ஒரு சிறு குழுவுக்கு உண்டு. அதுவே எஸ்தோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் கொயர். சேம்பர் கொயர் என்பது, ஒவ்வொரு குரல்வகைக்கும் நான்கைந்து பேர் முதல் ஏழெட்டுப் பேர் வரை மட்டுமே வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பக்கவாத்தியம் இன்றி, நுணுக்கமான பல்குரல் இசையைப் பாடும் குழுவைக் குறிக்கும். இக்குழு பெருவிழா மரபின் வயிற்றில் பிறந்தது என்பதும், அப்பெருவிழாவால் சுமக்க இயலாத இசையைத் தேடிச் சென்றதனாலேயே தனக்கென ஓரிடம் பெற்றது என்பதும் அதன் வரலாற்றை ஆராய்வோருக்குப் புலப்படும்.

எஸ்தோனியக் குடியானவர்களிடையே நான்கு குரல்களில் சேர்ந்து பாடும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் என்னும் ஊரிலிருந்து வந்த மொராவிய சகோதரர் சபையினர், வழிபாட்டுக் கூடங்களில் சாதாரண மக்களுக்குப் பல்குரல் கீதங்களைக் கற்பித்தனர். 19-ஆம் நூற்றாண்டில் கிராமப் பள்ளி ஆசிரியர்களும் தேவாலய ஆர்கன் வாசிப்பாளர்களும் இவ்வழக்கைப் பாடற்சங்கங்களாக வளர்த்தெடுத்தனர். இச்சங்கங்களை ஒன்றுகூட்டி, பத்திரிகையாளர் யோஹான் வோல்டெமார் யான்சென் 1869-ஆம் ஆண்டில் தார்த்து நகரில் முதல் பாடல் பெருவிழாவை நடத்தினார். லிவோனிய மாகாணத்தில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட 1819-ஆம் ஆண்டின் பொன்விழா என்ற பெயரில், அப்போது ஆட்சி செய்த ரஷ்யப் பேரரசிடமிருந்து அதற்கு அனுமதி பெறப்பட்டது. ஆண்கள் மட்டுமே பாடிய அவ்விழாவில் இடம்பெற்றவை பெரும்பாலும் ஜெர்மானிய மரபைச் சார்ந்த கீதங்களே. எஸ்தோனியர் ஒருவர் இசையமைத்த பாடல்களாக, யான்செனின் மகளான கவிஞர் லிடியா கோய்துலாவின் கவிதைகளுக்கு அலெக்சாந்தர் குனிலெய்த் மெட்டமைத்த இரண்டு மட்டுமே அங்கு ஒலித்தன. ஆளும் நிலக்கிழார்களின் மொழி ஜெர்மனாகவும் பேரரசின் மொழி ரஷ்யனாகவும் இருந்த நாட்டில், குடியானவரின் மொழியில் ஆயிரம் பேரளவில் கூடிப் பாடியது அரசியல் பொருள் கொண்ட நிகழ்வாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. மொராவிய சபையினர் கற்பித்த நான்கு குரல் கீதம் பரவப் பரவ, அதற்கும் மிக முற்பட்ட ரூனோ பாடல் எனப்படும் வாய்மொழி மரபு பின்னுக்குத் தள்ளப்பட்டது. ரூனோ பாடல் என்பது எஸ்தோனியர், ஃபின்னியர் முதலான பால்டிக்-ஃபின்னிய இனத்தார் பலருக்கும் பொதுவான பாட்டு வடிவம். எட்டு அசைகள் கொண்ட அடி, மோனைத் தொடை, ஒரே கருத்தை வேறு சொற்களில் அடுத்த அடியில் திரும்பக் கூறும் முறை ஆகியன அதன் இலக்கணம். முன்பாட்டுக்காரி ஓர் அடியைப் பாட, சூழ்ந்திருப்போர் அதையே திருப்பிப் பாடுவர். நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் சிறு மெட்டு நூற்றுக்கணக்கான அடிகளுக்கு மாறாமல் தொடரும். சபையினர் இதைப் புறச்சமய வழக்காகக் கருதிக் கண்டித்தனர். 1888-ஆம் ஆண்டில் நாட்டாரியல் அறிஞர் யாகோப் ஹுர்த் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்கும் தொண்டர்கள் பாடல்களை ஏட்டில் பதியத் தொடங்கியபோது, பல வட்டாரங்களில் அவை முதியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மார்ட் சார், சிரில்லுஸ் கிரேக் ஆகிய இசையமைப்பாளர்கள் தாமே கிராமங்களுக்குச் சென்று மெட்டுகளைத் திரட்டி, அவற்றைச் சேர்ந்திசைக்கு ஏற்ப அமைத்தனர். எனினும் அவற்றின் நுண்மையைத் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் பாடும் விழாவில் காட்டுவது எளிதன்று. அங்கே ஒலியின் தாமதத்தைத் தாங்கும் அகன்ற நடையும், தெளிவான ஸ்வரக்கூட்டும், எல்லோரும் அறிந்த சொற்களுமே எடுபட்டன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்தின் குடியரசாக ஆக்கப்பட்டபின், சேர்ந்திசை மரபு இருவகையாகப் பயன்படுத்தப்பட்டது. அரசு அதற்குத் தாராளமாகப் பொருளுதவி செய்தது. அதே வேளையில் எதைப் பாடலாம் என்பதையும் அதுவே தீர்மானித்தது. இசையமைப்பாளர் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-இல் ஊதியம் பெறும் அரசு ஆண்கள் குழுவை அமைத்தார். அதே ஆண்டில் கோய்துலாவின் கவிதை ஒன்றுக்கு அவர் புதிதாக அமைத்த மெட்டு, 1947 பெருவிழாவில் பாடப்பட்டுப் பின்னர் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டும், மக்களிடையே அறிவிக்கப்படாத தேசிய கீதமாக நிலைத்தது. திரளாகப் பாடுவதன் அரசியல் வலிமை 1988-ஆம் ஆண்டு முதல் எழுந்த, ‘பாடும் புரட்சி’ என அறியப்படும் விடுதலை இயக்கத்தில் உச்சம் பெற்றது. 1991 ஆகஸ்டில் எஸ்தோனியா மீண்டும் சுதந்திரம் அடைந்தது. சிறுகுழுவின் கதை இப்பெருங்கதைக்கு இணையாக, அதன் நிழலில் நடந்தது.

அக்கதை ஒரு குழந்தைகள் குழுவிலிருந்து தொடங்குகிறது. ஹெய்னோ கல்யுஸ்தே என்னும் இசையாசிரியர் 1951-இல் தாலினில் எல்லெர்ஹெய்ன் என்ற குழந்தைகள் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோதாய் வகுத்த கல்வி முறையைத் தழுவி, ரிஹோ பேட்ஸ் என்பவரும் இவரும் எஸ்தோனியப் பள்ளிகளுக்கென ஒரு சுரப்பயிற்சி முறையை உருவாக்கினர். ‘யோ, லே, மி’ எனத் தொடங்கும் அம்முறையில் சுரப்பெயர்கள் நிலையான சுருதிகளைக் குறிப்பதில்லை. எந்தச் சுருதியை ஆதாரமாகக் கொண்டாலும் அதுவே ‘யோ’ ஆகும். ஆதார ஷட்ஜத்தைப் பாடகர் தமக்கேற்ற சுருதியில் வைத்துக்கொள்ளும் கர்நாடக சங்கீத வழக்கை அறிந்தோருக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வாத்தியத்தின் துணையின்றி ஸ்வர இடைவெளிகளைச் செவியாலேயே தூய்மையாகப் பிடிக்கும் ஆற்றலை இம்முறை குழந்தைப் பருவத்திலேயே ஊட்டியது. அக்குழந்தைகள் வளர்ந்தபின் அவர்களுக்கென 1966-இல் எல்லெர்ஹெய்ன் சேம்பர் கொயர் அமைக்கப்பட்டது. 1974 முதல் அதை ஹெய்னோவின் மகன் தொனு கல்யுஸ்தே நடத்தினார். மாலை நேரங்களில் மட்டும் கூடிப் பயின்ற அந்த ஆர்வலர் குழுவை 1981-இல் அரசு ஃபில்ஹார்மோனிக் நிறுவனத்தின் கீழ் முழுநேர ஊதியக் குழுவாக மாற்றும் முயற்சியில் தொனு வெற்றி பெற்றார். அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

முழுநேரக் குழுவாக மாறியதன் பயன் இசைத் தேர்வில் முதலில் தெரிந்தது. 1930-இல் பிறந்து, தேவாலயப் பணியாளரான தந்தையின் இல்லத்தில் ஆர்கன் இசை கேட்டு வளர்ந்து, மாஸ்கோ இசைக் கல்லூரியில் பயின்ற இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸ், ரூனோ பாடலை மேலை மெட்டுகளைப்போல் விரித்து வளர்க்கலாகாது, அதன் திரும்பத் திரும்ப வரும் இயல்பையே வலிமையாகக் கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு 1960-களில் வந்திருந்தார். அவருடைய படைப்புகளில் மூல மெட்டு மாறாமல் நிற்க, அதைச் சூழும் குரல்களின் அடர்த்தியும் ஸ்வரக்கூட்டும் ஒலி நிறமும் மட்டுமே படிப்படியாக மாறுகின்றன. 1967-இல் வெளிவந்த எஸ்தோனிய நாட்காட்டிப் பாடல்கள் இம்முறையின் முதல் பெரும் சாதனை. 1970 முதல் 1989 வரை அவர் எழுதிய ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்னும் ஆறு தொகுதிகள், லிவோனியர், வோத்தியர், இசோரியர், இங்கிரிய ஃபின்னியர், வெப்சியர், கரேலியர் ஆகிய உறவின மக்களின் பாடல்களை அவரவர் மொழியிலேயே அமைத்தன. இவற்றுள் லிவோனியம், வோத்தியம் போன்றவை பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியிருந்த மொழிகள். கூவல், முணுமுணுப்பு, தாலாட்டு, பறவையொலி, மரபான புலம்பல் என அப்படைப்புகள் கோரிய குரல்வகைகள், கச்சேரி மேடைக்கெனப் பயின்ற குரலுக்கு அந்நியமானவை. தொனு கல்யுஸ்தேயின் குழு இத்தொகுதிகளை முழுமையாகப் பாடிப் பதிவுசெய்ய, ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் அதை 1992-இல் வெளியிட்டது. ஒரு தேசத்தின் பெருமையைப் பாடும் விழா மரபிலிருந்து வந்த பாடகர்கள், அண்டையில் மறைந்துகொண்டிருந்த பிற மக்களின் குரலை ஏந்தியது அக்குழுவின் முதல் துணிகரச் செயல் எனலாம்.

இரண்டாவது, ஆர்வோ பேர்ட்டின் இசை. 1935-இல் பிறந்த பேர்ட், கிறிஸ்துவின் மீதான நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்த ‘கிரேடோ’ என்னும் படைப்பு 1968-இல் அரங்கேறியதை அடுத்து அதிகாரிகளின் எதிர்ப்புக்கு உள்ளானார். பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒதுங்கியிருந்து இடைக்கால இசையைப் பயின்ற அவர், 1976-இல் ‘தின்தினாபுலி’ எனத் தாம் பெயரிட்ட பாணியுடன் மீண்டார். அதில் ஒரு குரல் ஆதார சுரத்தை நோக்கியோ அதிலிருந்து விலகியோ படிப்படியாக நகரும். மற்றொன்று மூன்று சுரங்கள் கொண்ட ஒரே கூட்டுக்குள் மட்டும் உலவும். இரண்டும் சந்திக்கும் விதம் முன்கூட்டியே வகுத்த விதிக்கு உட்பட்டது. 1980-இல் பேர்ட் நாட்டைவிட்டு வெளியேறி முதலில் வியன்னாவுக்கும் பின்னர் பெர்லினுக்கும் சென்றார். பார்வைக்கு எளிமையான இவ்விசை பாடுவதற்குக் கடினமானது: குரல் அதிர்வு சிறிதும் இன்றி நீண்ட சுரங்களைத் தாங்க வேண்டும், சுருதி இம்மியளவு தளர்ந்தாலும் முழுக் கட்டமைப்பும் குலையும், ஒலிக்கு நிகரான மதிப்பு மௌனத்துக்கும் தரப்பட வேண்டும். குழந்தைப் பருவம் முதல் செவியால் ஸ்வர இடைவெளியை அளந்து பழகிய குழு இதற்குப் பொருத்தமாக அமைந்தது. 1993-இல் வெளியான ‘தே தேயும்’ பதிவு இவ்வுறவை உலகறியச் செய்தது. கொலோன் தேவாலயத்தின் 750-ஆம் ஆண்டு நிறைவுக்கென பேர்ட் எழுதிய ‘கானோன் பொகயானென்’ என்னும் மன்றாட்டு, பழைய சர்ச் ஸ்லாவிய மொழியில், வாத்தியம் ஏதுமின்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீள்வது. தொனுவுக்கும் அவரது குழுவுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதை அக்குழுவே 1998-இல் அங்கு அரங்கேற்றியது.

தொனுவுக்குப் பின் பொறுப்பேற்றவர்கள் வெளிநாட்டவர் என்பது அடுத்த கட்டத்தின் சிறப்பு. 2001 முதல் 2007 வரை தலைமை நடத்துநராக இருந்த ஆங்கிலேயர் பால் ஹில்லியர், இடைக்கால இசையிலும் பேர்ட்டின் இசையிலும் ஒருங்கே தோய்ந்தவர். அவர் பால்டிக் வட்டாரத்தின் இசையமைப்பாளர்களை ‘பால்டிக் குரல்கள்’ என்ற மூன்று தட்டுகளில் தொகுத்தார். அவர் தலைமையில் பதிவான பேர்ட்டின் ‘தா பாச்செம்’ தொகுப்புக்கு 2007-இல் கிராமி விருது கிடைத்தது. அவரையடுத்து நெதர்லாந்தின் டேனியல் ரய்ஸ், லாட்வியாவின் காஸ்பர்ஸ் புட்னின்ஷ் ஆகியோர் பொறுப்பேற்றனர். பேர்ட்டின் ‘ஆதாமின் புலம்பல்’ பதிவில் லாட்வியக் குழுவினரோடு இணைந்து பாடியதற்கு 2014-இல் மற்றொரு கிராமி வந்தது. 2021-இல் மீண்டும் தொனு கல்யுஸ்தே தலைமை ஏற்றார்.

இவ்வளர்ச்சிக்குத் தனிமனிதர் ஒருவரின் மேதைமையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. புதியதைத் துணிந்து மேற்கொள்ளும் சிறுகுழுவுக்கு, எழுதப்பட்டதைக் கண்டவுடன் பாடவல்ல பாடகர்களும், அதே ஊரில் வாழ்ந்து அவர்களின் குரலை அறிந்து எழுதும் இசையமைப்பாளர்களும், தாமே ஏதோவொரு குழுவில் பாடிப் பழகியதால் கடினமான இசைக்கும் செவிகொடுக்கும் அவையோரும் தேவை. எஸ்தோனியாவில் இம்மூன்றையும் உண்டாக்கியவை பள்ளிக் குழுக்களும் கிராமச் சங்கங்களும் அவற்றை இயங்கவைத்த பெருவிழாவுமே. ரூனோ பாடலை ஒருகாலத்தில் ஓரங்கட்டிய நான்கு குரல் சேர்ந்திசை மரபே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அப்பாடலை மீட்டு உலக மேடைக்குக் கொண்டுவரும் குரல்களையும் பயிற்றுவித்தது. ஆகவே சிறுகுழுவின் எதிர்காலம், அது பெறும் விருதுகளைக் காட்டிலும், ஊர்தோறும் குழந்தைகளைக் கூட்டிச் சுரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் தொடர்ந்து கிடைப்பதையே சார்ந்திருக்கிறது.