ஆஜர் எண்ணிக்கையும் வழக்கறிஞர் நிறுவனங்களின் தரவரிசையும்

இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒரு வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் அதன் வாய்தாக்கள் தேதிவாரியாக வந்து விழுகின்றன. இத்தனை தரவு கைக்கெட்டியதும், எந்த நிறுவனம் அதிக முறை ஆஜரானது என்று எண்ணித் தரவரிசை போடும் ஆசை எழுவது இயல்பு. அந்த எண்ணிக்கை திறமையைக் காட்டாது; பல இடங்களில் தாமதத்தைத்தான் காட்டும் என்பது என் வாதம்.

ஒரு சொத்து வழக்கின் பட்டியலைப் பாருங்கள். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் பிரதிவாதி தரப்பு அவகாசம் கேட்கிறது. அடுத்த தேதியிலும் கேட்கிறது. அதற்கடுத்த முறை நீதிபதி விடுப்பு. பிறகு சாட்சி வரவில்லை. நான்கு தேதி, நான்கு ஆஜர். வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரலாகாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17. அந்த வரம்பைத் தாண்டி இழுப்பவரே ஆஜர் கணக்கில் மேலே போவார். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பட்ட சமரச மையத்தில் இரண்டு அமர்வில் பாகப்பிரிவினையை முடித்துக் கொடுத்தவருக்குக் கணக்கில் ஒன்றும் ஏறாது. இந்த அநியாயம் என்னை உறுத்துகிறது.

‘ஆஜர்’ என்பதன் பொருளும் நிலையாக இல்லை. நிறுவனம் வக்காலத்து போடுகிறது, வாதாட வெளியிலிருந்து ஒரு சீனியர் வருகிறார். அந்த ஆஜர் யாருடையது? உச்ச நீதிமன்ற உத்தரவுகளில் உடன் நின்றவர்கள் பெயரெல்லாம் நீண்ட பட்டியலாக ஏறிவந்தது. 2025 மார்ச்சில் அந்நீதிமன்றம், நேரில் வாதாடியவர் பெயரும் அவருக்கு உதவிய ஒருவர் பெயரும் மட்டுமே பதிவாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய, பிந்தைய தரவுகளை ஒரே அட்டவணையில் கூட்டுவது பிழை. அரசு வழக்கறிஞர் அலுவலகங்களையும் சேர்த்தால் பட்டியலின் உச்சி முழுதும் அவைதாம் இருக்கும்.

மூத்த வழக்கறிஞர் தகுதி வழங்க 2017-இல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் 100 மதிப்பெண் முறையை வகுத்த உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் அதைக் கைவிட்டது. அங்கே தீர்ப்புகள், நேர்காணல் என்று பலவும் எடைபோடப்பட்டன. ஆஜர் கணக்கிலோ ஒரே ஓர் எண்தான்.

அதற்காகத் தரவைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அவர்களைத் தரவரிசைப்படுத்துவது தொழிலின் மாண்பைக் குலைக்கும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது. காசுக்கு நட்சத்திரக் குறி விற்பதைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் ஊரிலிருந்து பத்திரக் கட்டோடு வரும் கட்சிக்காரர் யாரை நம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது? உறவினரோ பத்திரம் எழுதுபவரோ காட்டும் ஆளைத்தானே?

அவருக்கு உதவக்கூடிய கணக்கு வேறு. ஆஜரை விட்டுவிட்டு வழக்கையே அலகாகக் கொள்ள வேண்டும்: ஒரே வகை வழக்குகளில் எத்தனை ஆண்டு ஆயிற்று, சமரசமா தீர்ப்பா, எத்தனை வாய்தா, அவற்றை எந்தத் தரப்பு கேட்டது. இதில் கடைசித் தகவல்தான் முக்கியமானது. அன்றாட உத்தரவுகளில் ‘பிரதிவாதி தரப்பில் அவகாசம் கோரப்பட்டது’ என்ற வரியாக அது ஏற்கெனவே கிடக்கிறது. பதிவேட்டில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும்.