மிகைத்திருப்பமும் அதனை அடக்கும் பயிற்சியும்

வளைவில் விரையும் மோட்டார் வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களினும் அதிகமாக வெளிப்புறம் வழுக்க, ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவையும் கடந்து வண்டி உட்புறம் திரும்பிவிடும் நிலைக்கு மிகைத்திருப்பம் என்று பெயர். பந்தய ஓட்டுநர் இதனை ஓவர்ஸ்டியர் என்பர். இதனையும், முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி நேரே செல்ல முற்படும் குறைத்திருப்பத்தையும் 1930-களில் பொறியியல் முறையில் வகுத்து ஆராய்ந்தவர், ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்திலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாரிஸ் ஓலி.

ஓடும் டயர் எதுவும் வளைவில் தான் நோக்கிய திசையிலேயே பிசகாமல் செல்வதில்லை. பக்கவாட்டு விசை தாக்குங்கால் அதன் ரப்பர் சற்றே முறுக்குண்டு, நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் தோன்றும். பின் டயர்களின் கோணம் முன் டயர்களின் கோணத்தை மிஞ்சுவதே மிகைத்திருப்பத்தின் ஆரம்பம். பின்சக்கரங்களால் உந்தப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் இது பெரும்பாலும் இருவழியாக நேரும். ஆக்ஸிலரேட்டரை அளவு மீறி மிதித்தால், பின் டயர் தன் பிடிப்பின் பெரும்பகுதியை வண்டியை முன்னே தள்ளுவதிலேயே செலவிட்டு, பக்கவாட்டில் நிலைகொள்ளும் சக்தியை இழக்கிறது. அஃதன்றி, வளைவின் நடுவே காலைத் திடீரென எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய, பின்சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. முன்னது கர்வத்தால் வருவது, பின்னது பயத்தால் வருவது என்று சொல்லிவிடலாம்; பயத்தால் வருவதே அடக்குவதற்கு அரிது.

இந்த இரண்டாம் வகைக்குப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஜெர்மனியின் போர்ஷே 911. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்காரில், ஆறு சிலிண்டர் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்ததால், மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மீது விழுந்தது. வளைவை விட்டு வெளியேறுகையில் நல்ல பிடிப்பைத் தந்து உதவிய அந்தப் பாரமே, வளைவின் நடுவே காலை எடுத்தவருக்குக் கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைப் போல வெளியே வீசி, காரை முன்பின்னாகத் திருப்பிவிட்டது. போர்ஷே பொறியாளர்கள் முதலில் முன் பம்பரின் இரு கோடிகளிலும் வார்ப்பிரும்புக் கட்டிகளை மறைத்து வைத்துப் பார்த்தனர். சாமர்த்தியமே தவிர அது பரிகாரமன்று. பின்னர் 1969-ஆம் ஆண்டு மாதிரியில், இயந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுப் பின்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி, அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 மில்லிமீட்டராக நீட்டினர். பாட்டரியையும் இரண்டாக்கி முன்மூலைகளில் வைத்தனர். வெறும் 57 மில்லிமீட்டர் நீட்சியினால் காரின் சுபாவம் வெகுவாகத் தணிந்தது. ஆயினும் 1975-இல் விற்பனைக்கு வந்த 260 குதிரைத்திறன் டர்போ மாதிரி, மிதித்தவுடன் சக்தியைத் தராமல், சற்றே தாமதித்து வளைவின் நடுவே ஒருசேரப் பொங்கவிட்டதால், மனைவியரை விதவையாக்கும் கார் என்னும் கொடிய பட்டத்தைச் சுமந்தது. அப்பட்டத்தினால் அதன் மதிப்புக் குறையாமல் ஏறியதுதான் விந்தை.

சறுக்கல் தொடங்கியதும், வால் எப்பக்கம் வழுக்குகிறதோ அப்பக்கமே ஸ்டியரிங்கைத் தாமதமின்றித் திருப்பவேண்டும். இதற்கு எதிர்த்திருப்பம் என்று பெயர். முன்சக்கரங்கள் தம் அமைப்பின் சாய்வினால் வண்டி உண்மையில் செல்லும் திசையை நோக்கித் தாமே திரும்ப முயல்வதால், பிடியைச் சிறிது தளர்த்துகிறவருக்கு ஸ்டியரிங்கே பாதி வேலையைச் செய்து கொடுக்கும். கைக்கு இது விரைவில் பழகிவிடும். காலுக்குரிய பாடமோ கடினமானது. மிகுந்த சக்தியால் வந்த சறுக்கலுக்கு ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தவேண்டுமே அன்றி முற்றும் விட்டுவிடலாகாது. விட்டால் முதல் வகை தீர்ந்து இரண்டாம் வகை பற்றிக்கொள்ளும். காலை எடுத்ததால் வந்த சறுக்கலுக்கோ, மீண்டும் இலேசாக மிதித்துப் பாரத்தைப் பின்னுக்கு அனுப்பவேண்டும். கார் கைமீறிப் போகும் தருணத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதி என்ற உபதேசத்தைப் புத்தி உடனே ஒப்புக்கொள்ளும். கால் ஒப்புக்கொள்வதற்குத்தான் அப்பியாசம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

எதிர்த்திருப்பத்தை இடுவதினும் அதனை உரிய கணத்தில் எடுப்பதே முக்கியம். வால் நிலைபெறுந் தருவாயில், ஒருபுறம் அமுங்கிய ஸ்பிரிங்குகளும் முறுக்குண்ட டயர்களும் தாம் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கின்றன. அப்போதும் ஸ்டியரிங்கை நேராக்காதவர், முதற்சறுக்கலினும் கடுமையாக எதிர்ப்பக்கம் வீசப்படுவார். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் சில, திருத்துதல், பொறுத்தல், மீளுதல் என இதனை மூன்று படிகளாகக் கற்பிப்பதன் காரணம் இதுவே. எதுவும் பலிக்காமல் கார் சுழலத் தொடங்கிவிட்டால், கிளச்சையும் பிரேக்கையும் ஒருங்கே அழுத்தி நிற்கச் செய்வதன்றி வேறு வழியில்லை.

பயிற்சிக்கு உகந்த இடம், நீர் பாய்ச்சிய வழுவழுப்பான வட்டத்தளம். பிடிப்புக் குறைந்த அத்தரையில் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வால் விலகுவதால், டயரும் தேயாது, உயிருக்கும் அபாயமில்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் போர்ஷே நிறுவனம் நடத்தும் களத்தில், கடந்து செல்லும் காரின் பின்சக்கரங்களை எதிர்பாராத பக்கமாக உதைத்துத் தள்ளும் இயந்திரத் தட்டும் உண்டு. ஆரம்ப மாணாக்கருக்கு 911-ஐக் காட்டிலும், எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்ட மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சாதுவான கார் சிறந்த ஆசான். சறுக்கலை விரும்பியே நீட்டித்து அதனை ஒரு போட்டியாகவே வளர்த்த ஜப்பானியரின் டிரிஃப்ட் கலை தனிக் கட்டுரைக்கு உரியது.

1995-இல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து வெளியிட்ட மின்னணு ஸ்திரக் கட்டுப்பாடு, சறுக்கலை உணர்ந்தவுடன் தனிச் சக்கரங்களின் பிரேக்கைத் தானே பிரயோகித்து, இயந்திரத்தின் சக்தியையும் குறைத்துவிடும். 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார் ஒவ்வொன்றிலும் இது கட்டாயமாயிற்று. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இதனை நிறுத்திவைக்கும் பொத்தான் உண்டு. ஆசிரியர் உடனிருக்கும் மூடிய பயிற்சிக்களத்துக்கு வெளியே, பொதுச்சாலையில் அப்பொத்தானைத் தொடுவது தகாது.