கனவுருப் புதினங்களும் இளம் வாசகர் கருத்துகளும்

கனவுருப் புதினங்கள் குறித்த இளம் வாசகர் கருத்துகள் என்பன, மாயம், வேற்றுலகம், காலப்பயணம் முதலியவற்றைக் கொண்டு சிறுவர்க்கென எழுதப்பட்ட நெடுங்கதைகளைப் படித்த சிறுவர்கள் தாமே வெளியிடும் மதிப்பீடுகளாகும். தமிழில் இவ்வகைக் கதைகள் மாயாஜாலக் கதைகள் என்றும் அழைக்கப்படுகின்றன. சிறுவர் நூல்களை எழுதுவோரும், பதிப்பிப்போரும், விலை கொடுத்து வாங்குவோரும், விருதுக்குத் தேர்ந்தெடுப்போரும் பெரும்பாலும் பெரியவர்களே. ஆகையால் அந்நூல்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ அவர்களுடைய கருத்து அரிதாகவே எழுத்து வடிவில் எஞ்சுகிறது. தமிழில் அக்கருத்துகளுக்கு இடமளித்தவற்றுள் சிறுவர் இதழ்கள் முதன்மையானவை. அவ்விதழ்களின் வரலாற்றிலும், பழைய இதழ்கள் காக்கப்பட்ட வரலாற்றிலும் செட்டிநாட்டுப் பகுதிக்குத் தனி இடம் உண்டு.

உலக அளவில்

சிறுவர் கருத்து ஒரு புதினத்தின் போக்கையே முடிவு செய்த நிகழ்வுகள் ஆங்கில இலக்கிய வரலாற்றில் பதிவாகியுள்ளன.

த ஹாபிட்: ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய இப்புதினத்தின் தட்டச்சுப் படியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் 1936-இல் தம் 10 வயது மகன் ரேனர் அன்வினிடம் கொடுத்தார். அறிக்கைக்கு ஒரு சில்லிங் கூலி. சிறுவன் நூல் நன்றாக இருப்பதாகவும், நிலப்படங்கள் இருப்பதால் வேறு படங்கள் தேவையில்லை என்றும், 5 முதல் 9 வயது வரையுள்ளோர்க்கு ஏற்றது என்றும் எழுதினான். நூல் 1937 செப்டம்பர் 21 அன்று வெளிவந்தது. படங்கள் தேவையில்லை என்ற கருத்து மட்டும் ஏற்கப்படவில்லை; டோல்கீன் வரைந்த படங்களும் நூலில் இடம்பெற்றன.

நார்னியாக் கதைகள்: சி. எஸ். லூயிசின் ஏழு புதினங்கள் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. இவற்றை வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டுமா, கதை நிகழும் கால வரிசையில் படிக்க வேண்டுமா என்பதில் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் அவன் தாய்க்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. சிறுவன் லூயிசுக்குக் கடிதம் எழுதினான். 1957-இல் எழுதிய மறுமொழியில் லூயிஸ், தாம் சிறுவனின் பக்கமே சாய்வதாகவும், ஆயினும் வரிசை அத்துணை முக்கியமானதாக இருக்காது என்றும் தெரிவித்தார். 1994-இல் பதிப்பகம் கால வரிசைப்படி நூல்களுக்கு எண்ணிட்டபோது இக்கடிதமே சான்றாகக் காட்டப்பட்டது.

ஆரி பாட்டர்: பல பதிப்பகங்களால் மறுக்கப்பட்ட ஜே. கே. ரௌலிங்கின் முதற்புதினத்தின் தொடக்க இயலை, புளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவர் தம் 8 வயது மகளிடம் படிக்கக் கொடுத்தார். அவள் திரும்பி வந்து கேட்டது எஞ்சிய பகுதியை. நூல் 1997 சூன் 26 அன்று வெளிவந்தது. அதே ஆண்டு அந்நூல் பெற்ற ஸ்மார்ட்டீஸ் பரிசிலும் இறுதித் தேர்வு சிறுவர்களின் வாக்குகளால் அமைந்தது.

கருத்துகளின் இயல்பு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிட்டால் சில பொதுத் தன்மைகள் புலப்படுகின்றன. மூன்று சிறுவர்களுமே கதையின் நீதி, நடை, இலக்கியத் தரம் ஆகியவை பற்றிப் பேசவில்லை. ஒருவன் படமும் வயதும் பற்றிக் கூறினான். மற்றொருவன் படிக்கும் வரிசையைப் பற்றிக் கேட்டான். மூன்றாமவள் அடுத்த பக்கத்தைக் கேட்டாள். இளம் வாசகர் புனைவுலகை உண்மையான ஊர் போலக் கொண்டு, அதில் எப்படி நுழைவது, எவ்வளவு நேரம் தங்குவது என்பதையே முதலில் நோக்குகின்றனர். ரேனர் 10 வயதில் இருந்துகொண்டு நூலைத் தன்னிலும் இளையோர்க்குப் பரிந்துரைத்தது, அவ்வயதினர் தம்மைச் சிறுவராக எண்ணுவதில்லை என்பதையும் காட்டுகிறது.

தமிழ்ச் சூழல்

தமிழ்ச் சிறுவர் இதழியலுக்குச் செட்டிநாடும் அதன் சுற்றுப்புறமும் பலரை அளித்துள்ளன.

வை. கோவிந்தன்: இராயவரத்தைச் சேர்ந்தவர். 1939-இல் சக்தி இதழைத் தொடங்கிய இவர், அணில் என்னும் சிறுவர் இதழையும் வெளியிட்டார்.

அழ. வள்ளியப்பா (1922–1989): அதே இராயவரத்தில் பிறந்தவர். குழந்தைக் கவிஞர் என அழைக்கப்படுபவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கோகுலம் இதழின் ஆசிரியராக விளங்கினார்.

தமிழ்வாணன் (1926–1977): தேவகோட்டையைச் சேர்ந்தவர். அணில் இதழில் பணியாற்றி, பின்னர் கல்கண்டு இதழின் ஆசிரியரானார். வாசகர் வினாக்களுக்கு இவர் அளித்த விடைகள் பெரும் புகழ் பெற்றவை.

வாண்டுமாமா (1925–2014): அரிமளத்தில் பிறந்த இவரின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. மாயாஜாலக் கதைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை எழுதினார். கோகுலம் இதழிலும், 1984-இல் தொடங்கிய பூந்தளிர் இதழிலும் பணியாற்றினார்.

வாண்டுமாமா என்னும் புனைபெயர் இங்குக் கருதத்தக்கது. ஆசிரியர் தம்மை மாமா என்று அறிமுகம் செய்துகொண்டதால், சிறுவர்கள் தயக்கமின்றி உறவுமுறை சொல்லிக் கடிதம் எழுத இயன்றது. தொடர்கதைகள் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் வெளிவந்ததால், கதை முடிவதற்கு முன்பே வாசகர் கருத்து ஆசிரியரை எட்டும் வாய்ப்பும் இருந்தது. முழு நூலாக வெளிவரும் புதினத்துக்கு இவ்வாய்ப்பு இல்லை.

ஆதனின் பொம்மை

சிவகங்கை மாவட்டத்துடன் நேரடித் தொடர்புடைய அண்மைக்காலக் கனவுருப் புதினம் ஆதனின் பொம்மை. கோவில்பட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் உதயசங்கர் எழுதிய இந்நூலுக்கு 2023-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது வழங்கப்பட்டது. கீழடியின் பண்டைய வாழ்வைச் சிறுவர்க்குக் கூறுவது இப்புதினம்.

கீழடி, சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில் உள்ளது. 2019-இல் தமிழக அரசு வெளியிட்ட அகழாய்வு அறிக்கை, இங்குள்ள நகர வாழ்வைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது. ஆதன் என்பது கீழடிப் பானை ஓடுகளில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களுள் ஒன்று. சுடுமண் உருவங்கள், பகடைக் காய்கள், நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகள் ஆகியனவும் கிடைத்துள்ளன. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் அமைந்தது.

இதனால் இம்மாவட்டத்து இளம் வாசகருக்கு ஒரு தனி வசதி உண்டு. நார்னியாவை எவரும் நேரில் பார்த்து ஒப்பிட இயலாது. ஆனால் கீழடி பற்றிய கதையைப் படித்த மாணவர், காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ ஒரே நாளில் அருங்காட்சியகம் சென்று திரும்பலாம். எது மண்ணிலிருந்து கிடைத்தது, எது எழுத்தாளரின் கற்பனை என்று பிரித்தறிந்து கருத்துச் சொல்லலாம். பெரிய திறனாய்வாளரும் இதனையே செய்ய வேண்டியிருக்கும்.

கருத்துகளைப் பாதுகாத்தல்

ஒரு தொடர்கதை நூலாக்கப்படும்போது, அதைப் பற்றி இதழில் வந்த கடிதங்கள் நூலில் இடம்பெறுவதில்லை. எனவே இதழ் முழுமையாகக் காக்கப்பட்டால் மட்டுமே இளம் வாசகர் கருத்தும் எஞ்சும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துத் தைத்து வைக்கும் பழக்கம் கதைகளைக் காத்தது, கடிதங்களைக் காக்கவில்லை.

இவ்வகையில் காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையாவின் பணி குறிப்பிடத்தக்கது. விளம்பரப் பலகை வரையும் தொழில் செய்த இவர், நூல்களோடு பருவ இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றையும் ஒதுக்காமல் சேர்த்தார். 1992-இல் இவர் மறைந்தபின், ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட இத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு இதுவே அடிப்படை.

ரேனர் அன்வினின் சிறு அறிக்கை இன்று அறியப்படுவதற்குக் காரணம், அது தூக்கி எறியப்படாமல் இருந்ததே. வாசகரின் வயது, ஊர், படித்த பதிப்பு, நாள் ஆகியன குறிக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவரின் கடிதமும் பிற்கால ஆய்வாளருக்கு அதே மதிப்புடையதாகும்.

இவற்றையும் பார்க்கவும்

சிறுவர் இலக்கியம்
கனவுருப்புனைவு
அழ. வள்ளியப்பா
வாண்டுமாமா
கீழடி அகழாய்வு
ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்