பட்டினியிலும் விதைக்கிழங்கைத் தொடாதவர்கள்



குளிர் நாடுகளில் இருக்கும் உங்களில் சிலர் இந்த மார்ச் மாதத்தில் சாக்கிலும் வாளியிலும் மண் நிரப்பி உருளைக்கிழங்கு நடுகிறீர்கள். உறைபனி வந்தால் வாளியை வீட்டுக்குள் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் உறைந்துபோன ஒரு குளிர்காலத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் லெனின்கிராடு முற்றுகையைச் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை 872 நாள்கள். முதல் குளிர்காலத்தில் அலுவலக ஊழியர்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த ரொட்டி, நாளுக்கு 125 கிராம்தான்.

அந்த நகரில் விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ் வளர்த்த விதைச் சேகரிப்பு நிலையம் இருந்தது. நெல், கோதுமை விதைகளைப் பொட்டலத்தில் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். உருளைக்கிழங்கு அப்படியல்ல. முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், உறைந்தால் அழுகிவிடும். ஆண்டுதோறும் நட்டால்தான் ரகம் பிழைக்கும்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த அரிய ரகங்கள் நகருக்கு வெளியே பாவ்லோவ்ஸ்க் வயலில் இருந்தன. ஆப்ரகாம் கமெராஸ், ஓல்கா வோஸ்கிரெசென்ஸ்கயா முதலானோர் குண்டுவீச்சுக்கு நடுவே அவற்றைத் தோண்டி எடுத்து நகருக்குக் கொண்டுவந்தார்கள். நிலவறையில் வைத்து, கிடைத்த விறகையெல்லாம் எரித்து, கிழங்கு உறையாமல் குளிர்காலம் முழுக்கக் காத்தார்கள். எலிகளையும் விரட்ட வேண்டியிருந்தது. 1942 வசந்தத்தில் அவற்றை மீண்டும் மண்ணில் நட்டார்கள்.

காவல் இருந்தவர்களும் பட்டினிதான். நெல் ஆய்வாளர் திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் விதைப் பொட்டலங்களுக்கு நடுவே பசியால் இறந்தார். நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷுகின் வேலை மேசையிலேயே உயிர்விட்டார். வாவிலோவை ஸ்டாலின் அரசு 1940-லேயே கைது செய்திருந்தது. உலகின் பசியைப் போக்க விதை தேடியவர், 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார்.

பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் கட்டுப்பாடு. அடுத்த போகம் விளைந்தால் தன் வீடு சாப்பிடும் என்பது அந்தக் கணக்கு. லெனின்கிராடு ஆய்வாளர்கள் காத்த விதையோ, அவர்கள் முகம் அறியாத மக்களுக்கானது. போரில் வென்ற தளபதிகளின் பெயரை மனப்பாடம் செய்த நாம், இந்தப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.