மேலே வைத்த துருசு

மாத்தளைப் பக்கத்துக் குளம் எதையும் பாருங்கள். கண்டலம ஆகட்டும், ஊர்ச் சிறுகுளம் ஆகட்டும், துருசு மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வயலுக்கு வராது. கண்ணீர்ப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அபூர்வமாக வரும் ஒரு சிக்கலும் இதே கணக்குத்தான்.

கண்ணின் உள்மூலையை ஒட்டிய எலும்புக் குழியில் கண்ணீர்ப்பை இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். குழாய் அடைத்தால் பையில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும். பழங்கால வைத்தியர்கள் அந்த இடத்தைச் சூட்டுக்கோலால் சுட்டார்கள். பிற்காலத்தவர் பையையே வெட்டி எடுத்தார்கள். சீழ் போனது, கண்ணீர் வழிவது போகவில்லை.

1904இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர வைத்தியர் அத்தேயோ தோத்தி, அடைப்போடு மல்லுக்கட்டாமல் புதுவழி வெட்டினார். பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் துளை போட்டு, கண்ணீரை நேரே மூக்குக்குள் திருப்பினார். உடம்புக்கு அந்தத் துளை வெறும் காயம். சதை வளர்ந்து அதை மூடப் பார்த்தது. 1921இல் பிரான்சின் டியூப்பி-டூதாம், பூர்கே இருவரும் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் சேர்த்துத் தைத்தார்கள். துளைக்குக் கரை கட்டியாயிற்று.

1960களில் வழி தூர்ந்துபோகாமலிருக்கச் சிலிக்கோன் குழாய் வந்தது. அதை இறுக்கி முடிச்சிட்டால் இமையோரக் கண்ணீர்த்துளையையே அறுத்துவிடும். 1989இல் எண்டோஸ்கோப்பை மூக்குவழியே செலுத்திச் செய்யும் முறை வெளியானது. முகத்தில் தழும்பில்லை. ஆனால் மேலே மண்டையோட்டின் அடித்தளம் அருகில். அங்கே எலும்பில் கீறல் விழுந்தால், மிக அபூர்வமாக, மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கால் கசியும்.

இத்தனைக்குப் பிறகும் துருசுக் கணக்கு மிஞ்சுகிறது. துளையை மேலே போட்டுக் கீழெலும்பை விட்டுவிட்டால், பையின் அடியில் சளி தேங்கும். ஊசியால் உப்புநீர் செலுத்திப் பார்த்தால் தடையின்றி மூக்குக்கு வரும். வழி திறந்திருக்கிறது என்பார்கள். நோயாளிக்கோ கண் பீளை கட்டி நீர் வடிந்தபடியே இருக்கும். உள்மூலையை விரலால் அழுத்தினால் தேங்கியது பிதுங்கும். மருந்து தற்காலிகம். மிஞ்சிய கீழெலும்பை அகற்றிப் பையை அடிவரை திறப்பதே தீர்வு.

தோத்தி துளை போடக் கற்றுத் தந்தார். அதை எந்த மட்டத்தில் போடுவதென்பதைச் சொல்லித் தந்தவை தவறிப்போன துளைகள்தான்.